துண்டுச்சீட்டும் 555 புத்தகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் கணினி பற்றி வருவதெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவும் மோசடிக் குறுஞ்செய்திகளும்தான். குறை சொல்லவில்லை, இரண்டும் வேண்டியதுதான். ஆனால் நம் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்குக் கணினி வேலையைத் தொண்டூழியமாகச் செய்து கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் கைமாற்றும்போது செய்கிற ஒரு தப்பைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அந்தத் தப்பை நானே செய்தேன். இருபத்தேழு வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அமைப்பின் பெயர் வேண்டாம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சு, மாறுவேடம், கதை சொல்லுதல் என்று போட்டிகள் நடத்துகிறவர்கள். பதிவு செய்வதற்கு ஓர் இணையத்தளம் உண்டு. அதை 2018இல் எழுதியது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். கெட்டிக்காரன். பதிவு, நேர அட்டவணை, கடைசியில் சான்றிதழ் அச்சடிப்பது வரை எல்லாவற்றையும் தனியாளாக எழுதி முடித்து, 2020இல் தேசிய சேவைக்குப் போகும்போது ஒரு தம்ப் டிரைவைச் செயலாளர் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஐயா அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். இந்த வருடம் தளத்தைப் புதுப்பிக்கலாம் என்று செயற்குழு முடிவெடுத்தபோது டின் திறந்தது, டிரைவ் என்னிடம் வந்தது. விலைப்புள்ளி கேட்க வேண்டிய மூன்று நிறுவனங்களுக்கும் உள்ளே இருந்த ஃபோல்டரை ஜிப் செய்து நானே அனுப்பி வைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது கைப்பேசியிலிருந்தே அனுப்பினேன் என்றால் எவ்வளவு பொறுப்பாக அனுப்பியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அதில் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். குரலைக் கேட்டால் என் மகள் வயதுதான் இருக்கும். "சார், நீங்க அனுப்பின ஜிப்புக்குள்ள கிட் ஹிஸ்டரி முழுசா இருக்கு, பார்த்தீங்களா? அதுல 2019 ஆகஸ்ட்ல ஒரு கமிட் இருக்கு, அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள், கமிட் என்பது அதில் ஒரு பதிவு. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்தேன். தளத்தின் மொத்த அளவு 12 மெகாபைட், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத டாட் கிட் ஃபோல்டர் மட்டும் 400 மெகாபைட்டுக்கு மேல். அந்த ஆகஸ்ட் கமிட்டில் பையன் எழுதி வைத்த குறிப்பு: "அடையாள அட்டை எண் இருந்த எக்ஸெல் நீக்கம்."

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் பொருள் விளங்கியது.

நடந்தது இதுதான். 2018இல் பதிவு செய்த 212 பிள்ளைகளின் பட்டியலைப் பையன் சோதனைக்காக அப்படியே நிரல் ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறான். பெயர், பள்ளி, பெற்றோரின் தொலைபேசி எண், பிறப்புச் சான்றிதழ் எண். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் எண்தான் பின்னால் அடையாள அட்டை எண்ணாகவும் இருக்கும், பதினைந்து வயதில் அட்டை எடுக்கும்போது புது எண் யாரும் தருவதில்லை. ஆகவே அது அந்தப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் ஒரே எண். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டப்படியோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தவோ தேவைப்பட்டால் ஒழிய அமைப்புகள் அந்த எண்ணைக் கேட்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி வந்தது. பையன் அதைப் படித்துவிட்டுப் பொறுப்பாக, ஒரு மாதம் முன்னதாகவே, அந்த எக்ஸெல்லை நீக்கியிருக்கிறான். நீக்கியதை நாணயமாகக் குறித்தும் வைத்திருக்கிறான். அந்த நாணயம்தான் இப்போது வினையாகிவிட்டது, எங்கே தோண்ட வேண்டும் என்று பலகை நட்டு வைத்த மாதிரி.

தொழில் தெரியாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் தஞ்சோங் பகாரில் வளர்ந்தவன். எங்கள் புளோக்கின் கீழே ஒரு மளிகைக்கடை இருந்தது, வீட்டுக்கு வீடு கடன் கணக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சின்ன நோட்டு. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மாதக் கடைசியில் அம்மா என்னை அனுப்பிப் பாக்கி எவ்வளவு என்று கேட்கச் சொல்வார். கடைக்கார அண்ணன் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து, அதில் 43 வெள்ளி 20 காசு என்று எழுதிக் கொடுப்பார். நோட்டைக் கொடுக்க மாட்டார். நோட்டில் இரண்டு மாதத்துக்கு முன் அப்பா வாங்கிய சிகரெட் கணக்கு இருக்கும், தப்பாக எழுதிக் கோடு போட்டு அடித்த வரிகள் இருக்கும், கோட்டுக்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்பதும் நன்றாகத் தெரியும். ரெப்போ என்று நாங்கள் சொல்வது, அதாவது மாற்ற வரலாறு முழுவதும் சேர்ந்த நிரல் களஞ்சியம், அந்த 555 நோட்டு. கமிட் என்பது அதில் ஒவ்வொரு நாளும் எழுதும் வரி. ஒரு கோப்பை நீக்கினேன் என்றால் இன்று முதல் அது பாக்கியில் சேராது, அவ்வளவுதான், பழைய பக்கத்தில் அது அப்படியே இருக்கும். எக்ஸ்போர்ட் என்பது சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டு. இன்றைய தேதியில் கோப்புகள் எப்படி இருக்கின்றனவோ அவை மட்டும், வரலாறு இல்லாமல்.

நான் அந்த மூன்று நிறுவனங்களுக்கும் துண்டுச்சீட்டு கொடுத்திருக்க வேண்டும். நோட்டையே கொடுத்துவிட்டேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கிட் செய்யும் அதே வேலைக்கு, சிவிஎஸ் என்ற மென்பொருள் இருந்தது. அதில் எக்ஸ்போர்ட் என்று கேட்டால் எந்த டேக் (பதிப்புக்கு இட்ட பெயர்), அல்லது எந்தத் தேதி என்று சொல்லாமல் ஒன்றும் தராது. அப்போது அது எரிச்சலாக இருக்கும், இப்போது யோசித்தால் நல்ல பழக்கத்தைக் கட்டாயமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 2004இல் அதே வகையைச் சேர்ந்த சப்வெர்ஷன் 1.0 வந்தது. அதிலும் எஸ்விஎன் (சப்வெர்ஷனின் சுருக்கம்) எக்ஸ்போர்ட் என்று தனிக் கட்டளை உண்டு, விண்டோஸில் சப்வெர்ஷனுக்கான டார்ட்டாய்ஸ் செயலி வைத்திருந்தவர்களுக்கு வலது சொடுக்கில் எக்ஸ்போர்ட் என்று பட்டியலிலேயே இருக்கும். இருந்து என்ன, அவசரத்தில் எல்லாரும் ஃபோல்டரைத்தான் காப்பி அடிப்போம். அந்தக் காலத்து சப்வெர்ஷன் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு டாட் எஸ்விஎன் ஃபோல்டரை வைக்கும். அதற்குள் ஒவ்வொரு கோப்பின் மாறாத நகலும், பெயரின் கடைசியில் வேறொரு வால் ஒட்டி, கிடக்கும். சர்வரில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்பைத் திறந்தால் சர்வர் அதை இயக்கி விடையை மட்டும் அனுப்பும். ஆனால் இந்த வால் ஒட்டிய நகலைக் கேட்டால் அது பிஎச்பி என்று சர்வருக்குத் தெரியாது, சாதாரண எழுத்து என்று நினைத்து, தரவுத்தளத்தின் கடவுச்சொல் உட்பட, உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். 2009இல் ரஷ்யாவில் பெரிய பெரிய தளங்களே இப்படித் திறந்து கிடந்ததை அங்கே சிலர் வெளியே கொண்டுவந்தார்கள். 2011 அக்டோபரில் வந்த 1.7 பதிப்பில் இந்த ஃபோல்டர் மேலே ஒன்றே ஒன்று என்று ஆயிற்று. குப்பை குறைந்தது, ஆபத்து குறையவில்லை.

கிட் 2005இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. அதில் எக்ஸ்போர்ட் என்ற பெயரில் கட்டளை கிடையாது, சப்வெர்ஷனிலிருந்து மாறியவர்கள் தேடித் தேடி ஏமாந்தது இங்கேதான். அதன் பெயர் கிட் ஆர்கைவ். எந்த வடிவம், ஜிப்பா டாரா, எந்தப் பதிப்பு, வெளியே என்ன பெயர் என்று சொன்னால் போதும், ஒரே வரி. பிரிஃபிக்ஸ் என்று ஒரு விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் அடங்கி வரும், பிரித்துப் பார்ப்பவர் மேசை முழுக்கக் கோப்பு சிதறாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், வரலாற்றைத் தராவிட்டாலும் இது எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற 40 எழுத்து அடையாளத்தை ஜிப்பின் குறிப்புப் பகுதியில் அதுவே எழுதி வைத்துவிடும். துண்டுச்சீட்டின் பின்பக்கம் நோட்டின் பக்க எண்ணைப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. பின்னால் சண்டை வந்தால் எந்தப் பதிப்பைக் கொடுத்தோம் என்று சொல்ல முடியும்.

ஆனால் கமிட் செய்ததைத்தான் அது எடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. நேற்று ராத்திரி திருத்தி, கமிட் செய்யாமல் தூங்கப் போயிருந்தால் அந்தத் திருத்தம் ஜிப்பில் இருக்காது. சப்வெர்ஷன்காரர்களுக்கு இது குழப்பம், ஏனென்றால் அங்கே உங்கள் கணினியில் இருக்கும் வேலைப் பிரதியிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்தால் கமிட் செய்யாத திருத்தமும் கூடவே வரும். அதே மாதிரி, சில கோப்புகள் ஜிப்பில் போகவே வேண்டாம் என்று கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எக்ஸ்போர்ட் இக்னோர் என்று எழுதி வைக்கலாம். அருமையான வசதி. அதை எழுதிவிட்டு, கமிட் செய்யாமல், ஏன் வேலை செய்யவில்லை என்று நான் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், அதுவும் எடுக்கப்படும் பதிப்பில் கமிட் ஆகியிருந்தால்தான் செல்லும். இன்னொன்று, எக்ஸ்போர்ட் இக்னோர் ஜிப்பிலிருந்துதான் மறைக்கும், ரெப்போவையே குளோன் செய்கிறவருக்கு, அதாவது வரலாற்றோடு முழுப் பிரதி எடுக்கிறவருக்கு, எல்லாம் போகும்.

இப்படி எடுத்துக் கொடுத்தால் அடுத்த நாளே "ஓடவில்லை" என்று ஒரு செய்தி வரும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். கிட் காலி ஃபோல்டரை நினைவில் வைத்துக்கொள்ளாது, ஆகவே படங்கள் வந்து விழ வேண்டிய காலி ஃபோல்டர் ஜிப்பில் இருக்காது. சப்மாடியூலாக இணைத்திருந்த வேறு ரெப்போவின் உள்ளடக்கமும் வராது, பெயர் மட்டும் நிற்கும். கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பைப் புறக்கணிப்புப் பட்டியலில் போட்டிருந்தால், போட்டிருக்க வேண்டும், அதுவும் வராது. வராததுதான் நல்லது. அதற்குப் பதில் வெறும் மாதிரிக் கோப்பு ஒன்றை வைத்து, எதை எங்கே நிரப்ப வேண்டும் என்று நாலு வரி எழுதிவிட்டால் முடிந்தது. விண்டோஸில் எடுத்து லினக்ஸ் சர்வரில் போடுகிறவர்கள் வரிமுடிவையும் கவனியுங்கள், வரி முடிவதை இரண்டும் வேறு வேறு குறியால் காட்டும், அதனால் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) ஒன்று காரணமே தெரியாமல் படுத்துக்கொள்ளும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. நம் பையன் விதிமுறைகளை எல்லாம் அழகாகத் தமிழிலேயே பெயர் வைத்துச் சேமித்திருந்தான், மாறுவேடப் போட்டி விதிகள், பேச்சுப் போட்டித் தலைப்புகள் என்று. நான் செயற்குழுக் கூட்டத்தில் திரையில் பட்டியலைக் காட்டினேன், ஒவ்வொரு பெயரும் சாய்கோடு 340 சாய்கோடு 256 என்று எண்ணாகவே ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொருளாளர் அக்கா "தம்பி, வைரஸ் வந்துடுச்சா?" என்றார். வைரஸ் இல்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்தை கிட் இயல்பாகவே ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக்கித்தான் காட்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'போட்டி' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு குறியீடு, 18 பைட், கிட் அதைத் திரையில் காட்டும்போது 72 குறி. கோர் கோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகவே தெரியும், ஒரு நிமிட வேலை. பெயர் நீளத்திலும் கவனம் வேண்டும். லினக்ஸில் பொதுவாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் அது 85 குறியீட்டோடு சரி. நம் ஆட்கள் வைக்கிற தலைப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் பெயரை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிக் குறியாக்கம் இருந்த காலத்திலேயே, 1995இல், எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் தமிழை இணையத்தில் ஏற்றினார். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கத் தயங்குவானேன்? கிட் ஆர்கைவ் எடுக்கும் ஜிப்பில் பெயர் யுடிஎஃப்-8 என்ற குறிப்பும் சேர்ந்தே போகிறது. பழைய ஜிப் மென்பொருளில் கையால் சுருட்டினால்தான் மறுமுனையில் கட்டம் கட்டமாக வரும்.

சரி, அப்படியென்றால் எப்போதும் எக்ஸ்போர்ட் மட்டும் கொடுத்தால் போதும், நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று யாராவது நினைத்தால் அது இன்னொரு தப்பு, இதைவிடக் கொஞ்சம் பெரியது என்றுகூடச் சொல்வேன். ஏன் என்பதற்கு வேறொரு தமிழ் அமைப்பில் நான் பார்த்ததையே சொல்கிறேன். அங்கேயும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ். அந்த நிரலில் பிள்ளையின் பெயரில் சாய்கோடு வந்தால் எடுத்துவிடும்படி ஒரு வரி இருந்தது. பராமரிப்பு புது நிறுவனத்துக்குப் போனபோது வெறும் ஜிப் மட்டும் கைமாறியது. புதிதாக வந்த நிரலாளர், வெளியூர்க்காரர், இந்த வரி எதற்கென்று புரியாமல் தூக்கிவிட்டார். அந்த வருடம் பரிசளிப்பன்று பல பிள்ளைகளுக்குச் சான்றிதழே வரவில்லை. காரணம், நம் ஊர்ப் பெயர்களில் எஸ் சாய்கோடு ஓ, டி சாய்கோடு ஓ என்று வருமே, அதுதான். நிரல் சான்றிதழைப் பிள்ளையின் பெயரிலேயே கோப்பாகச் சேமிக்கும், பெயருக்கு நடுவில் சாய்கோடு வந்தால் கணினி அதை ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையே என்று நின்றுவிடும். பழைய ரெப்போவில் அந்த வரியைச் சேர்த்த கமிட்டில் இதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். நோட்டு ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது, மேடையில் பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள்.

ஆகவே யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கிறீர்கள், சர்வரில் ஏற்றுகிறீர்கள், மாணவருக்குப் படிக்கக் கொடுக்கிறீர்கள், பொதுவில் வெளியிடுகிறீர்கள் என்றால் எக்ஸ்போர்ட். பராமரிப்பையே ஒருவர் கையில் ஒப்படைக்கிறீர்கள் என்றால் முழு ரெப்போ, அதுவும் சுத்தம் செய்த பிறகு. கிட் பண்டில் என்று ஒன்று உண்டு, முழு வரலாற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும், தம்ப் டிரைவில் வைத்துக் கொடுக்க அது மிகவும் வசதி. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிரதி அமைப்பின் பெயரில் இருக்கும் கணக்கில் இருக்க வேண்டும், தொண்டூழியரின் சொந்தக் கணக்கில் அல்ல. பையன்கள் படிப்பு முடிப்பார்கள், வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள். அமைப்பு இருக்குமே.

ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் மாதிரித் தளங்களில் டவுன்லோட் ஜிப் என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதுவும் எக்ஸ்போர்ட்தான், வரலாறு வராது. கட்டளை தட்டத் தெரியாதவர்களுக்கு அதுவே போதும். ஆனால் இன்று இறக்கிய ஜிப்பும் அடுத்த வருடம் அதே பதிப்புக்கு இறக்கும் ஜிப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2023 ஜனவரி 30ஆம் தேதி கிட்ஹப் தன் பக்கத்தில் கிட் மென்பொருளைப் புதுப்பித்தபோது சுருக்கும் முறை மாறி, உள்ளே கோப்பெல்லாம் அப்படியே இருந்தும் டார் கோப்புகளின் சரிபார்ப்பு எண் மாறிப்போய், அந்த எண்ணை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் அன்றைக்குத் தடுமாறின, அன்றே பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று. முக்கியமான பதிப்பு என்றால் இறக்கியதை நீங்களே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று இரவே செயலாளர் ஐயாவுக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், நிதானமானவர். "சரிப்பா, யார்கிட்ட சொல்லணும் இதை?" என்றார். ஒவ்வோர் அமைப்பும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரையாவது நியமித்திருக்க வேண்டும் என்பது சட்டம். கோப்புகளைத் தேடிப் பார்த்ததில் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது, பொருளாளர் அக்காதான். அவருக்கே அது தெரியாது, ஏதோ ஒரு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் தெரிந்த பிறகு அக்கா காட்டிய வேகம் இருக்கிறதே, மறுநாள் மதியத்துக்குள் மூன்று நிறுவனங்களுக்கும் எழுத்தில் கேட்டுவிட்டார், ஜிப்பை அழியுங்கள், அழித்ததை எழுதித் தாருங்கள், உங்கள் காப்புப் பிரதியிலிருந்தும் எடுங்கள் என்று. பெற்றோருக்கு என்ன சொல்வது என்பதைத் தனியாக ஒரு கூட்டத்தில் பேசி முடிவு செய்தோம், அதை இங்கே எழுதுவது முறையில்லை.

ரெப்போவை நான் சுத்தம் செய்தேன். கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவி, அந்த எக்ஸெல்லைப் பழைய பக்கங்கள் எல்லாவற்றிலிருந்தும் உருவியெடுத்துவிட்டு மீதியைத் திரும்ப எழுதும். திரும்ப எழுதும்போது அதற்குப் பிந்திய ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் மாறிவிடும், பழைய பிரதி வைத்திருப்பவர் எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருவர் தெரியாமல் பழையதைத் திரும்ப ஏற்றி எல்லாவற்றையும் மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடுவார். வரலாற்றில் இரண்டு கடவுச்சொற்களும் கிடந்தன. அவற்றை நீக்கியதோடு விடாமல் சர்வரிலும் மாற்றினேன், ஏனென்றால் வெளியே போன கடவுச்சொல்லை வரலாற்றிலிருந்து மட்டும் அழித்துப் பயனில்லை.

இன்னொன்றையும் சோதித்தேன், தளம் வைத்திருக்கும் எந்த அமைப்பும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். தளத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, டாட் கிட், சாய்கோடு, பெரிய எழுத்தில் ஹெட் என்று தட்டிப் பாருங்கள். 'கிடைக்கவில்லை' அல்லது 'அனுமதியில்லை' என்று வந்தால் நிம்மதி. ரெஃப் என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் உங்கள் 555 நோட்டு கடை வாசலில் கிடக்கிறது. உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யுங்கள், ஆர்வக் கோளாறில் அடுத்தவர் தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டாம், 1993இலிருந்தே இங்கே கணினியைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான சட்டம் இருக்கிறது. எங்கள் தளத்தில் அந்த வரி வந்தது. ஆறு வருடமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. பையன் சர்வரிலும் ஃபோல்டரை அப்படியே ஏற்றியிருக்கிறான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போது வேலையில் இருக்கிறான், அழைத்துச் சொன்னேன். "அங்கிள், நான்தான் அதை டிலீட் பண்ணிட்டேனே" என்றான் முதலில். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஐயோ, ஹிஸ்டரி" என்றான். பதினெட்டு வயதில் யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு? தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிரலெழுதச் சொல்லித் தருகிற தொண்டூழியர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறோம், ஏட் செய், கமிட் செய், புஷ் செய் என்று முதல் நாளே கற்றுக் கொடுக்கிறோம், வேலை முடிந்து ஒப்படைக்கும்போது எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. தங்கள் மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கினால் படத்தோடு எழுதித் தர நான் தயார், ஊதியம் வேண்டாம். ஏப்ரல் வருவதற்குள் வந்தால் நல்லது, போட்டித் தளங்கள் எல்லாம் கைமாறுவது அதற்கு முந்திய மாதங்களில்தான்.

இதை எழுதும் நேரத்தில் இரண்டு நிறுவனங்கள் அழித்துவிட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டன. அதில் முதலில் வந்தது அந்தப் பெண்ணின் நிறுவனத்தினுடையது. மூன்றாவது நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. பொருளாளர் அக்கா திங்கட்கிழமை நேரில் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நானும் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈசூன்